நடக்கிற வேகம்

விமானிகள் சங்கக் கூட்டத்தில் முதல் நாற்காலி பறந்து வந்தபோது கேப்டன் ஆமை பேசிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி. அவர் தோளில் பட்டு, மேடை விளிம்பில் மோதி, ஒரு கால் உடைந்தது. உடைந்த காலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வாடகைக்கு எடுத்த பூப்பந்து அரங்கம் அது. நடுவில் தொங்கிய வலையைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் கேப்டன்கள், அந்தப் பக்கம் துணை விமானிகள் என்று யாரும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஒப்பந்தம் காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்தது. நிர்வாகம் கொடுத்த புதியதில் ஓய்வு நேரம் குறைந்திருந்தது. வேலைநிறுத்தத்துக்கு நீதிமன்றம் தடை போட்டிருந்தது. வேலையை நிறுத்தாமல் மெதுவாக்கலாமா என்பதுதான் அன்றைய கேள்வி.

"நிறுத்தினா ஜெயில்," என்று சங்கச் செயலாளர் முதலிலேயே சொல்லியிருந்தான். "விதிப்படி வேலை பார்த்தா? அதுக்கு எந்த நீதிபதி உள்ள தள்ளுவான்? பயணி சீட்டு மேல படிக்கிற விளக்கு எரியலையா, எழுதி வை. மெக்கானிக் வர்ற வரைக்கும் கிளம்பாதே. தரையில உருண்டு போறப்போ நடக்கிற வேகத்துல போ. அவ்வளவுதான். எப்படிப் போறதுன்னு தெரியலைன்னா எங்க அத்தானைக் கேளுங்க."

அரங்கம் சிரித்தது. செயலாளர் ஆமையின் மனைவிக்குத் தம்பி. இருவரும் ஒரே நிறுவனத்தில் ஒரே ரக விமானத்தை ஓட்டினார்கள்.

விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதை வரை சக்கரத்தில் உருண்டு போவதை அவர்கள் டாக்ஸி என்பார்கள். மற்றவர்களுக்கு அது இடைஞ்சல். பறப்பதற்கு முன் கழித்துக் கட்ட வேண்டிய தூரம். இவர் மட்டும் அதை நடக்கிற வேகத்தில்தான் கடப்பார். பின்னால் நிற்கிற விமானங்கள் வானொலியில் இருமும், பெருமூச்சு விடும். அதனால்தான் ஆமை. பேர் வைத்தவர்கள் பலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பேர் நின்றுவிட்டது.

"நான் மெதுவாப் போறது எவனையும் பழிவாங்க இல்ல," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓய்வு கேக்குறது நியாயம். அதுக்கு விமானத்தை நிறுத்து. ஜெயிலுக்குப் போ. நானும் வர்றேன். விதியை எடுத்து அடிக்காதே. இன்னிக்கு விதிப்படி ஓட்டுறேன்னு சொன்னா, நேத்து வரைக்கும் எப்படிடா ஓட்டினேன்னு ஒருத்தன் கேப்பான். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் நீ பழையபடி பறப்பே. அப்புறம் எவனாவது நிஜமாவே பார்த்துப் போனாக்கூட, இவனுக்கு யார் மேல கோபம்னுதான் கேப்பான்."

அப்போதுதான் நாற்காலி வந்தது.

"நிர்வாகத்துக்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" என்று வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் நாற்காலிக் காலோடு மேடையை விட்டு இறங்கினார். குரல் வந்த திசையில் நேராக நடந்தார். வலை குறுக்கே வந்தது. வலையோடு சேர்த்து அடித்தார். எதிரில் இருந்தவனின் புருவம் கிழிந்தது. பிறகு எல்லாரும் எழுந்தார்கள். அளவெடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டைகளில் ரத்தம் பட்டது. ஒருவர் இன்னொருவரின் கழுத்துப் பட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "சொன்னதைத் திரும்பச் சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியேதான் பலர் வாக்களித்தார்கள். மெதுவாக்கலாம் என்பதற்குக் கைகள் காடு மாதிரி எழுந்தன. எதிராக இரண்டு கைகள். ஒன்று ஆமையுடையது. மற்றதன் சொந்தக்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

ஆமை சாந்தமான மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தேய்ந்த ஃபேன் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார், மகனை அடிக்க. பெல்ட் காற்றில் வரும் சத்தத்தை வைத்தே எங்கே விழும் என்று கணிக்கப் பையன் கற்றுக்கொண்டான். வளர்ந்த பிறகு அவருக்கும் கைதான் முதலில் பேசியது. காரை ஓட்டும்போது ஹாரன் அடித்தவனை ஜன்னல் வழியாக இழுத்து வெளியே போட்டிருக்கிறார். வீட்டில் மூன்று கதவுகள் மாற்றப்பட்டிருந்தன. விமானி அறையில், தான் சொல்வதற்கு முன் விசை நெம்புகோலைத் தொடுகிற துணை விமானியின் விரல் முட்டியில் டார்ச்சால் ஒன்று வைப்பார். அதற்காக இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருந்தார். "எங்க அத்தான் கையில சின்ன டார்ச்தான் இருக்கும். எரியுறது நம்ம விரல்" என்று மச்சானான அந்தச் செயலாளரே சொல்லிச் சிரித்ததுண்டு.

தரையில் விமானம் உருளும் அந்தச் சிறிது நேரம் மட்டும் அவர் வேறு ஆள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடப்பவர் மாதிரி ஓட்டுவார்.

காரணம் இருந்தது. அவர் துணை விமானியாக இருந்தபோது ஒரு மழை நாளில் விமானம் தாமதமாகிவிட்டது. வளைவில் வேகம் குறையக் கூடாதென்று கேப்டன் இயந்திரத்துக்கு விசை கொடுத்தார். பின்னால் பெட்டி ஏற்றும் தொழிலாளி ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். இயந்திரத்தின் காற்று அவரைத் தூக்கி இரும்பு வண்டியின் மூலையில் அடித்தது. விமானி அறையில் இருப்பவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. வானொலியில் சொன்னார்கள். கேப்டன் "சரி" என்றார். விமானம் கிளம்பியது. மாலையில் திரும்பி வந்தபோது அந்த இடத்தைக் குழாய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இன்னும் தெளியவில்லை. இவர் அன்று அந்தக் கேப்டனைப் படிக்கட்டில் வைத்து அடித்தார். அதற்காக ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடக்கிற வேகம்.

மெதுவாக்கல் தொடங்கியது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சவ ஊர்வலம் மாதிரி ஓடுபாதைக்குப் போயின. அதற்கு விலை கொடுத்தவர்கள் நிலையத்துக்குள்ளே இருந்தார்கள். புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு பயணி வரிசைக் கம்பத்தைப் பிடுங்கி முகப்பு மேசைக் கணினிகளை ஒவ்வொன்றாக உடைத்தார். இன்னொருவர் மேசையிலிருந்த பெண்ணின் கூந்தலைப் பிடித்து மேசையில் முகத்தை மோதினார். அந்தப் பயணியின் அம்மா வேறு ஊரில் செத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பற்கள் போயின. சங்க அறைக்கும் இந்தச் செய்தி வந்தது. ஒருவர், "நிர்வாகம்தான் பொறுப்பு" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

விமானிகளை ஏற்றிப் போகும் சிறிய பேருந்தின் மேல் கல் விழத் தொடங்கியது. சீருடைக்கு மேல் சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார்கள்.

நிர்வாகம் ஒவ்வொரு விமானமும் தரையில் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணினியில் பார்த்தது. யார் மிக மெதுவோ அவர்கள்தான் கலகத்துக்குத் தலைவர்கள் என்று முடிவு செய்தது. எல்லாரையும் விட மெதுவாக இருந்தவர் ஆமை. வேண்டுமென்று மெதுவாகப் போகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நிர்வாகத்தின் தலைமை விமானி அவரைக் கூப்பிட்டார். இருவரும் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரு துண்டுக்காக ஒருவர் பல்லை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள்.

"டேய், உன் பேரு முதல்ல இருக்கு."

"நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவன்."

"தெரியும்டா. நீ பொறந்ததுலேருந்து இப்படித்தான்னு எனக்குத் தெரியும். மேல இருக்கிறவன் நம்மகூடப் பள்ளிக்கூடத்துல படிச்சானா? அவனுக்குக் கணினி சொல்றதுதான். நாளைக்கு ஒரு நாள் வேகமாப் போ. இவன் அவங்க ஆள் இல்லைன்னு காட்டி உன் பேரை எடுத்துடறேன். இல்லேன்னா உன் சீட்டு போயிடும்."

"சும்மா என் பேரை எடுக்க முடியாதா?"

"சீட்டு போயிடும்னேன். காது கேக்குதா?"

விமானியின் இடப்பக்க இருக்கை. அதற்கு வெளியே தனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆமைக்குத் தெரியும். விருந்துகளில் பேசத் தெரியாது. விடுமுறையில் மூன்றாம் நாள் வீட்டில் ஏதாவது உடையும். அவருடைய மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. "நீங்க பறக்காத நாள்ல எனக்குத் தலைவலி வருது" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை அவர் வேகமாகப் போனார். முன்னால் சங்கத்தின் விமானங்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இணையாக இன்னொரு பாதை காலியாக இருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டு அதில் திரும்பினார். வளைவில் டயர் கதறியது. பின்னால் பணிப்பெண்களின் வண்டியில் எதுவோ சரிந்து உடைந்தது.

"சார்," என்றாள் துணை விமானி. இளம் பெண், அவருடைய டார்ச் அடியை ஒருமுறை வாங்கியவள். "இது உங்க வேகம் இல்லையே."

"வாயை மூடிட்டு வெளியே பாரு. ஆள் யாராவது நிக்கிறானான்னு பாரு."

அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஒவ்வொரு விமானமாகத் தாண்டினார். கண்ணாடிகளுக்குப் பின்னால் தெரிந்த முகங்கள் திரும்பின. வானொலியில் யாரோ நாய் மாதிரி ஊளையிட்டான். இன்னொரு குரல், மெதுவாக, தெளிவாக, "கருங்காலி" என்றது. கோபுரம் யார் அது என்று கேட்டது. பதிலுக்கு இன்னொரு ஊளை வந்தது.

அன்று மாலை ஊழியர்கள் கார் நிறுத்தும் அடித்தளத்தில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மச்சான் அதில் ஒருவன்.

விமானிக்கு உடம்புதான் உரிமம். கண், காது, கைவிரல், இதில் ஒன்று குறைந்தால் மருத்துவர் தகுதிச் சான்று தர மாட்டார். அது இல்லாவிட்டால் உரிமம் வெறும் அட்டை. அதனால் விமானிகள் விமானியை அடிக்கும்போது ஒரு ஒழுங்கு உண்டு. தொடை, முதுகு, வயிறு. அவர்களில் பெரியவன் முதலில் ஆமையின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கார் கூரை மேல் வைத்தான்.

"நாலு பேரா வந்திருக்கீங்க," என்றார் ஆமை. "உங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?"

முதல் உதை தொடையில் விழுந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, வந்தவனின் முழங்காலில் குதிகாலை இறக்கினார். அவன் கத்தினான். பிறகு மூவர் சேர்ந்து அவரைக் காரின் முன்பக்கத்தில் கவிழ்த்து முதுகில் அடித்தார்கள். தகரம் அதிர்ந்தது. விலா எலும்பு ஒன்று உள்ளே குச்சி மாதிரி முறிந்ததை அவர் கேட்டார். மூச்சு விடும்போது சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றான் மச்சான்.

"அவங்க அடிக்கிறாங்க. நீ மட்டும் மைக் பிடிச்சவன் மாதிரி நிக்கிறே. அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டு வா, போ."

மச்சான் நிஜமாக அடிக்கும் எண்ணத்தோடு வந்தவன் இல்லை. பார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தான். ஆனால் மற்ற மூவரும் இப்போது அவனைப் பார்த்தார்கள். அவன் உள்ளங்கையைக் குழித்து அவருடைய இடது காதில் அறைந்தான்.

உள்ளே ஏதோ வெடித்தது. ஆமை சத்தம் போடவில்லை. உட்கார்ந்தார். காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது.

மூவரும் பின்வாங்கினார்கள். முறிந்த விலா எலும்பைக் கேட்டு நிற்காதவர்கள் இதைப் பார்த்து நின்றார்கள்.

"காதுல அடிச்சிட்டியேடா," என்றான் பெரியவன். "காதுலயாடா அடிப்பே."

கடிகாரத்தை எடுத்து ஆமையின் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

காது மருத்துவர் செவிப்பறையில் ஓட்டை என்றார். மூடிக்கொள்ளும், கொஞ்ச காலம் ஆகும், அதுவரை பறக்கக் கூடாது என்றார். எப்படி என்று கேட்டதற்குப் படியில் விழுந்தேன் என்றார் ஆமை. மருத்துவர் அவருடைய முதுகையும் பார்த்துவிட்டு, "நிறையப் படி போலிருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

மனைவிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பி இரண்டு நாள் போனை எடுக்காததே போதும். மூன்றாம் நாள் அவன் ஒரு பை ஆப்பிளோடு வந்தான். அவள் கதவைத் திறந்தாள். பையை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு சமையலறையிலிருந்து குக்கர் மூடியை எடுத்துவந்து அவன் முழங்கையில் அடித்தாள். அவன் குனிந்தபோது முதுகில் அடித்தாள். மூடியின் கைப்பிடி கழன்று விழுந்தது.

"அக்கா, நான் வேணும்னு செய்யல."

"அவர் சீட்டு திரும்பி வர்ற வரைக்கும் இந்த வாசல்ல நிக்காதே. வந்தா அடுத்தது உன் விரல். எந்த விரல் இல்லாம நீ ஓட்ட முடியும்னு யோசிச்சு வச்சுக்கோ."

உள்ளறையிலிருந்து ஆமை எல்லாவற்றையும் ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்காக யாரோ அடிக்கிறார்கள் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. எழுந்து போய்த் தடுக்கவில்லை.

நிர்வாகத்தின் கடிதம் அந்த வாரமே வந்தது. தற்காலிகப் பணிநீக்கம். தலைமை விமானி போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ வேகமாப் போனியே, அந்த ஒரு நாள், அதுதான்டா வினை. வக்கீல் என்ன சொல்றான்னா, இவனால வேகமா ஓட்ட முடியுது, அப்போ மத்த நாளெல்லாம் வேணும்னேதான் மெதுவா ஓட்டியிருக்கான்கிறான்."

"நீதானேடா போகச் சொன்னே."

"சொன்னேன்டா."

போன் சுவரில் போய் உடைந்தது.

தகராறு எப்படித் தொடங்கியதோ அதைவிட அசிங்கமாக முடிந்தது. காத்திருந்த பயணிகள் ஒரு மாலை கண்ணாடிக் கதவை உடைத்து ஓடுதளப் பக்கம் இறங்கினார்கள். தடுத்த காவலாளியின் தாடை பெயர்ந்தது. ஒருவர் விமானத்தின் சக்கரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். படம் எல்லா இடத்திலும் வந்தது. அரசு மேலிடம் இரு தரப்பையும் ஒரு அறையில் உட்காரவைத்தது. சில நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஓய்வு நேரம் பாதி திரும்பக் கிடைத்தது. தகராறின் பேரில் அதுவரை யார் என்ன செய்திருந்தாலும் இரு தரப்பும் மன்னித்துவிடுவது என்று அதில் ஒரு விதி இருந்தது. நாற்காலி, கல், அடித்தளம், காது எல்லாம் அதில் அடங்கிவிட்டன.

கையெழுத்தான அன்று பிற்பகல் தலைமை விமானி ஆமையைத் தன் அறைக்கு வரச் சொன்னார். மச்சான் முன்பே அங்கு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி போட்ட மேசை. அதன் மேல் ஒரு தாள்.

"காது?" என்றார் தலைமை விமானி.

"மூடிடுச்சு. அடுத்த வாரம் சான்று தர்றேங்கிறார்."

"அப்போ இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சான்று வந்த மறுநாளே உன் பேரு பறக்கிற பட்டியல்ல வந்துடும்."

தாளில் இரண்டே வரி. நான் போராட்டத்தின் பகுதியாக விமானத்தை மெதுவாக ஓட்டினேன். இனி வழக்கமான வேகத்தில் ஓட்டுவேன்.

ஆமை படித்தார். "நான் போராடலையே."

"அதுதான்டா சிக்கல். போராடினவனுக்குத்தான் மன்னிப்பு. போராடாம மெதுவா ஓட்டினவனை எதுல சேர்க்கிறது? அவன் வெறும் மோசமான விமானி ஆயிடறான். அவனைக் காப்பாத்த ஒரு விதியும் இல்ல."

"நீங்க எதிர்த்துப் பேசினதை நாங்க யாரும் சொல்ல மாட்டோம் அத்தான்," என்றான் மச்சான். "போடுங்க."

"சரி, போட்டேன்னு வை. அடுத்த வாரம் நான் மெதுவாப் போனா?"

தலைமை விமானி ஜன்னலைப் பார்த்தார். "எதுக்குப் போகணும்? தகராறு முடிஞ்சுது. இனி எவனாவது மெதுவாப் போனா, புதுசா தகராறு பண்றான்னு அர்த்தம். சங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. கேளு, உன் மச்சானை."

மச்சான் தலையசைத்தான்.

ஆமை தாளை மேசையில் வைத்து, விரலால் தலைமை விமானியின் பக்கம் தள்ளினார். எழுந்தார்.

மச்சான் கதவை மறித்து நின்றான். "அத்தான், எனக்காக இல்ல. அக்கா என்னை வாசல்ல விட மாட்டேங்குறா. என்னாலதான் உங்க சீட்டு போச்சுன்னு ஊரே பேசுது. ஒரே ஒரு கையெழுத்து. பொய்யே எழுதாதவரா நீங்க? படியில விழுந்தேன்னு மருத்துவர்கிட்ட சொல்லலையா?"

"அது உனக்காகச் சொன்னது. தள்ளு."

"போட்டுட்டுப் போங்க."

அவன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து மேசைக்கு இழுத்தான். பேனாவை அவர் விரல்களுக்குள் திணித்தான். ஆமை விரலை விரித்தார். அவன் மடக்கினான். கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு குழந்தைக்கு எழுத்துப் பழக்குவது மாதிரி அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தார்கள். பேனா தாளைக் கிழித்தது. தலைமை விமானி, "டேய், விடுங்கடா, டேய்" என்று சொல்லிக்கொண்டே தன் தேநீர்க் கோப்பையை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

ஆமை தலையால் மோதினார். மச்சானின் உதடு வெடித்தது. அவன் பிடியை விடவில்லை. அவர் அவனை இடுப்போடு தூக்கி மேசை மேல் போட்டார். கண்ணாடி உடைந்தது. விழும்போது அவன் கையை ஊன்றியிருந்தான். உள்ளங்கை முழு எடையோடு உடைந்த விளிம்பில் இறங்கியது.

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகுதான் ரத்தம் வந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தான். இரண்டு மடங்கின. இரண்டு அவன் சொல்வதைக் கேட்கவில்லை.

"அத்தான், மடங்க மாட்டேங்குது," என்றான்.

ஆமை தன் டையைக் கழற்றி அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். பல்லால் முடிச்சை இழுத்தார்.

தலைமை விமானி நின்றுகொண்டே சொன்னார்: "மன்னிப்பு காலையில கையெழுத்தானதோட முடிஞ்சுது. இது அதுக்கு அப்புறம்டா."

மருத்துவமனையில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். கண்ணாடி உடைந்தது என்றான் மச்சான். கண்ணாடி உடைந்தது என்றார் ஆமை. கண்ணாடி பழசு என்றார் தலைமை விமானி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் வந்து, நரம்பைத் தைத்தாயிற்று, இரண்டு விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

மறுநாள் மாலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மனைவி பள்ளியிலிருந்து நேராக வந்தாள். விரலில் சிவப்பு மை. மருத்துவமனைக் கூடத்துப் பெஞ்சில் ஆமையும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவன் கையை மார்போடு கட்டிக்கொண்டு, மற்றவர் உடைந்த விலா எலும்புக்காகச் சாய்ந்து. தலைமை விமானியும் வந்திருந்தார். அவர் கையில் அதே இரண்டு வரிகளோடு புதிய தாள்.

"இன்னிக்கு வரைக்கும்தான் அவகாசம்," என்றார் அவளிடம். "கண்ணாடி விஷயம் வெளியே போகாது. நான் பார்த்துக்கறேன். இதை மட்டும் போடச் சொல்லும்மா."

அவள் தாளை வாங்கி, விடைத்தாள் படிப்பதுபோல் படித்தாள்.

"முதல் வரி தப்பு."

"தப்புதாம்மா. யார் பார்க்கப் போறா?"

"போடலைன்னா?"

"சீட்டு இல்ல. வேற எந்த நிறுவனமும் எடுக்காது."

"போட்டுத் தொலைங்க," என்றான் மச்சான். மயக்க மருந்தின் மிச்சம் அவன் நாக்கில் இருந்தது. "என் கை போனதுக்காவது போடுங்க. ஒருத்தராவது பறங்க."

அவள் தாளைக் கணவனின் மடியில் வைத்தாள். பையிலிருந்து தன் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். "உங்க சீட்டு. நீங்களே பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆமை வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். அவர் முதல் வரியில் 'போராட்டத்தின் பகுதியாக' என்பதை அடித்தார். இரண்டாவது வரியில் 'வழக்கமான வேகத்தில்' என்பதை அடித்து, அதன் மேல் 'இப்படியே' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். முழுக் கையெழுத்து, பறப்பதற்கு முன் போடுவதைப் போல.

தலைமை விமானி படித்தார். "இது செல்லாதுடா."

"தெரியும்."

"நாளைக்குக் காலையில நீ என்ன செய்வே?"

ஆமை சிவப்புப் பேனாவை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். தலைமை விமானி தாளை மடித்தார், பையில் போடலாமா வேண்டாமா என்று யோசித்தார், போட்டுக்கொண்டு போனார்.

மனைவி எழுந்தாள். கார் சாவியைத் தேடி எடுத்தாள். இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"வீட்டுல இனி ரெண்டு பேர் உடைப்பீங்க," என்றாள். "நான் முன்னால போய் உடையுறதையெல்லாம் எடுத்து வைக்கிறேன். அப்புறமா வாங்க."

அவள் நடந்து போகும் சத்தம் படிகளில் இறங்கியது.

"அத்தான்," என்றான் மச்சான். "நீங்க முட்டினதுக்கு நான் ஒண்ணு திருப்பித் தரணும்."

"கை சரியாகட்டும். வா."

"காதுல அடிக்க மாட்டேன்."

"அடிச்சா என்ன இப்போ?"

மச்சான் சிரித்தான். தைத்த உதடு இழுத்து வலித்ததும் நிறுத்திக்கொண்டான். ஆமை அவனுடைய நல்ல கையின் பக்கம் போய் எழுப்பிவிட்டார். வாசலுக்கு வெளியே வண்டிகள் விரைந்துகொண்டிருந்தன. இருவரும் நடைபாதையில் நின்று இடமும் வலமும் பார்த்தார்கள். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரியவில்லை.